மழை நாளுக்குப் பச்சை

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கதவிடுக்கு வழியாக ஒரு கடிதம் விழுந்தது. பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி முதல் பதினொன்றரை வரை உங்கள் தெருவில் தண்ணீர் வராது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதியிருந்தார்கள். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்துக்கு வந்து பத்து வருடமாகிறது. இருந்தும் இப்படிக் கடிதம் வந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு கடிதமா? அன்று வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பதினொன்று இருபத்தெட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நிமிடம் முந்தியதற்கும் வருத்தம் தெரிவிப்பார்களோ என்று நினைத்தபடி சைக்கிளை எடுத்தேன்.

இலங்கையில் கித்துல்கலைக்கு மேலே, எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், பதினெட்டு வீட்டுக்கும் ஒரே பீலிதான். பள்ளத்தில் பாறை இடுக்கிலிருந்து மூங்கில் வழியாக விழும் தண்ணீர். இறங்கி ஏற எழுபத்திரண்டு படி. வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. அம்மா போன பிறகு அங்கே என் அக்கா பார்வதி தனியாக இருக்கிறாள், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறாள். போன வருடம் குடத்தோடு படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்துகொண்டது. "ஒண்ணு கத்தி பிடிக்கணும், இல்லாட்டி கொடம் தூக்கணும். ரெண்டுக்கும் இந்தக் கை ஒத்துக்காது தம்பி" என்று அவள் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லயத்துக்கு மேலே காட்டோரம் உள்ள ஊற்றிலிருந்து குழாய் இழுத்து, அவள் வாசலிலும் மற்ற வீட்டு வாசல்களிலும் தண்ணீர் விழ வைப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

எனக்கு இது தெரிந்த தொழில். பழைய குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் நிறுவனம் ஒன்றில் திட்ட ஒருங்கிணைப்பாளர் நான். தொடக்கம், திட்டமிடல், செயல், கண்காணிப்பு, நிறைவு என்று ஐந்து கட்டம். ஒரு கட்டத்தை முடித்துக் கையெழுத்து வாங்காமல் அடுத்ததில் கால் வைக்கக்கூடாது. கடைசியில் ஓப்லெவரிங் என்று ஒரு சடங்கு உண்டு. வேலையை ஒப்படைக்கும் நாளில் வீட்டுக்காரரோடு ஒவ்வொரு அறையாக நடந்து, குறைகளைக் குறித்து, கையெழுத்து வாங்கிச் சாவியைக் கொடுத்து, கோப்பி குடித்துவிட்டுப் போய்விடுவோம். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கும் நமக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இதே முறையில் லயத்துக்கும் ஒரு அட்டவணை போட்டேன். தோட்ட நிர்வாகியான துரையிடம் அனுமதிக் கடிதம் வாங்கியது முதல் கட்டம். ஊற்றிலிருந்து லயம் வரை அளந்து, குழாய்க்கும் தொட்டிக்கும் பட்டியல் போட்டது இரண்டாவது. இரண்டையும் என் பால்ய நண்பன், எட்டாம் வீட்டுச் செல்வராஜ், சொன்ன நாளுக்குள் முடித்துக் கொடுத்தான். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டவணையைச் சக ஊழியர் அன்னெக்காவிடம் காட்டினேன். "இதில் பெரிய ஆபத்து எது?" என்று கேட்டார். மழை என்றேன். அவர் மெச்சித் தலையாட்டினார். மழை எதிர்பார்க்கும் நாட்களுக்கெல்லாம் சிவப்பு அடித்து 'வேலை இல்லை' என்றும், வெயில் நாட்களுக்குப் பச்சை அடித்து 'குழாய் பதிக்கக் கான் வெட்டுதல்' என்றும் போட்டு அனுப்பிவைத்தேன்.

நான்கு வாரம் போயிற்று. கான் பத்தடிகூட நகரவில்லை. பச்சை நாளில் படம் வரும் என்று மதிய இடைவேளையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், வராது. சிவப்பு நாளில் நானே முந்திக்கொண்டு 'இன்று மழை, வேண்டாம்' என்று செய்தி அனுப்புவேன். 'ஹரி மச்சான்' என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, உடனே பதில் வரும். விடுமுறைக்கு விமானச் சீட்டு வேறு எடுத்தாகிவிட்டது. ஒரு நாள் பொறுமை இழந்து செல்வராஜைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"நல்ல வெயில் அடிக்குது, ஒருத்தரும் மம்பட்டிய தொடல. ஏன்டா?"

"வெயில் அடிச்சா எல்லாரும் பால்வெட்டுக்குப் போயிருவோம்ல மச்சான்."

"அப்ப மழையில?"

"மழையில சும்மாதான் இருக்கோம். மண்ணும் எளகிக் கெடக்கும். நீதான் வேணாம்னு எழுதி அனுப்புறே. படிச்சவன் சொல்றான், பைப்பு ஒட்டுற பசை நனையக்கூடாது போலன்னு நாங்களும் இருந்துட்டோம்."

அந்தத் தோட்டத்தில் பிறந்து பதினெட்டு வருடம் வளர்ந்தவன் நான். விடியலில் தகரக் கூரையில் மழை விழுந்தால் எனக்கும் அக்காவுக்கும் கொண்டாட்டம். மரம் நனைந்தால் பட்டையில் கத்தி வைக்க மாட்டார்கள். அம்மா அன்று வீட்டில் இருப்பாள், சூடாக ரொட்டி கிடைக்கும். அம்மா மட்டும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஏனென்றால் வேலைப் பதிவேட்டில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு மழை என்றால் ஓய்ந்த கை என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதை நான் மறந்திருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை என் சொந்த லயத்துக்கே நிரூபித்துக் காட்டிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அன்றே நிறங்களை மாற்றினேன். மழை நாளுக்குப் பச்சை, வெயில் நாளுக்குச் சிவப்பு. மண் சரியும் அளவுக்குக் கொட்டினால் மட்டும் நிறுத்துங்கள் என்று எழுதினேன். அன்னெக்கா திரையை எட்டிப் பார்த்து, "நிறம் தலைகீழாக விழுந்துவிட்டது" என்று கவலையோடு சொன்னார். இல்லை, மழை பெய்தால்தான் வேலை என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து மழைக்குக் குறைவேது? மூன்று வாரத்தில் கான் லயத்து வாசலுக்கு வந்துவிட்டது. சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு பதினைந்து பேர் மண் வெட்டும் படத்தில், ஓரமாக அக்கா இடக்கையால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஒப்படைக்கும் நாளுக்கு நான் ஊரில் இருந்தேன், அச்சடித்த தாளோடு. தொட்டியடியில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு குழாயாகத் திறந்துகொண்டு வந்தோம். பதினேழாம் வீடு வரை நன்றாக வந்தது. எங்கள் வாசல் குழாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. பிறகு இருமினாற்போல் செம்மண் தண்ணீர் கொஞ்சம் துப்பி, அப்புறம் தெளிந்து விழுந்தது. அக்கா அந்தக் கோணல் மணிக்கட்டைத் தண்ணீரில் நீட்டி, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். நான் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

பதினெட்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். தொட்டியில் இலை அடைக்காமல் வாரம் ஒரு வீடு துப்புரவு செய்யவேண்டும் என்று செல்வராஜ் முறைப் பட்டியல் ஒன்று எழுதினான். அதை மேலிருந்து கீழாக இரண்டு தடவை வாசித்தேன். திட்டத் தாளில் என் பெயர் முதல் வரியில் இருந்தது. இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. இருக்க நியாயமும் இல்லை, நான் இந்த லயத்துக்காரன் அல்ல. ஆனாலும் மனது கேட்கவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறினேன்.

போன வாரம் உத்ரெக்டில் நல்ல மழை. மழைச்சட்டைக்குள் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகும்போது, இன்றைக்குப் பால்வெட்டு இல்லை என்று என்னையறியாமல் நினைத்தேன். அலுவலகத்தில் ஈரக் கையோடு கைபேசியைத் திறந்தால் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். லயத்துக் கோயில் சுவரில் அந்த முறைப் பட்டியல் ஒட்டியிருந்தது. கடைசி வரியில், செல்வராஜ் எழுதிய 'பதினெட்டாம் வீடு, பார்வதி' என்பதற்குப் பக்கத்தில், அக்காவின் கோணல் எழுத்தில் இரண்டு சொல் கூடியிருந்தது.

'தம்பியும், வந்தா.'