என் கைகள் இல்லாமல் என் வாசிப்பு

பந்தியில் இலைமுன் உட்கார்ந்திருந்தேன். மேலே வரவேற்பு மேடையிலிருந்து என் வாசிப்பு கேட்டது. ஆரணியில் கீபோர்டில் அந்த கார்ட்ஸை, அந்தச் சுரக்கூட்டுகளை, அப்படிப் பிடிப்பவள் நான் ஒருத்திதான். என் கையோ சாம்பார் சாதத்தில் இருந்தது.

மேடையிலிருந்த மெல்லிசைக் குழுவை நடத்தியவரை மாஸ்டர் என்போம். அவருக்குக் கீபோர்டு வாசித்துவந்தேன். பகலில் பட்டுக்கடையில் பில் போடுவேன். வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யூடியூப் பார்த்து ஜாஸ் பழகுவேன். அடிச்சுரத்தை பேஸ் கிட்டாருக்கு விட்டுவிட்டு கார்டின் மூன்றாவது சுரத்தையும் ஏழாவது சுரத்தையும் மட்டும் பிடிப்பது, பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் நுழைவது, மற்ற இடத்தில் கையை எடுத்துவிடுவது. எடுப்பதுதான் கடினம். மாஸ்டருக்கோ அதுவே எரிச்சல். "இன்னாமா, கைய தூக்கிகினு குந்திகினு கீற? ரொப்பி வாசி" என்பார். குழுவில் பாடிய அக்காவுக்கு மட்டும் அது பிடித்தது. இருவருமாக ஒரு பழைய ஆங்கில ஜாஸ் பாட்டைத் தயார்செய்தோம். கல்யாணங்களில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பிறகு மாஸ்டர் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். ஒத்திகையில் அந்தப் பாட்டுக்கு நான் வாசித்ததை எனக்குத் தெரியாமல் பதிவுசெய்திருக்கிறார் என்பது, என் கடை முதலாளி வீட்டுக் கல்யாணத்தில், அந்தப் பந்தியில்தான் தெரிந்தது.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடிக்கு ஓடினேன். கீபோர்டின் பின்னால் யாரோ ஒருவர் சும்மா விரலை அசைத்துக்கொண்டிருந்தார். ஒலித்தது பென் டிரைவில் இருந்த என் பதிவு. மாஸ்டர் அக்காவிடமும் மேடை ஏறும்வரை சொல்லவில்லையாம். அன்று அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வரியின் முடிவில் மூச்சுக்காக நின்றார். நான் இருந்தால் காத்திருப்பேன். பதிவு காத்திருக்கவில்லை. எட்டிப் பிடிக்கப் போய் அவர் குரல் உடைந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள்.

என் வாசிப்பை ஏன் போட்டீர்கள் என்று மாஸ்டரைக் கேட்டேன்.

"நீ வாசிச்சதுதானமா? வேற யாரோடதையும் போடலியே. கல்யாண ஊட்ல பேஜார் பண்ணாத."

எச்சில் கையோடு பென் டிரைவைப் பிடுங்கினேன். கீபோர்டு ஒலி நின்றது. அக்கா மைக்கிலேயே சொன்னார்: "குந்துமா. மொதல்லருந்து பாடறேன்."

அந்த ஆள் தானாக எழுந்து இடம் விட்டார். அக்கா நின்ற இடமெல்லாம் நானும் நின்றேன்.

மறுநாள் முதலாளி முகம்கொடுத்துப் பேசவில்லை. அக்கா குழுவை விட்டு விலகினார். இப்போது நாங்கள் இருவரும் பக்கத்து ஊர் சேத்துப்பட்டு வரைக்கும் போய்ப் பாடுகிறோம். மாஸ்டருக்கு வயதாகிவிட்டது, விட்டுவிடு என்கிறார்கள். எப்படி விடுவது? அவரிடம் அந்தப் பதிவின் இன்னொரு பிரதி இருந்திருக்கிறது. போன வாரமும் போட்டாராம். புதிதாக ஒரு பெண் பாடினாளாம், பாதியில் அழுதுவிட்டாளாம்.

எங்களோடு பாடக் கூப்பிட, அவள் யார், எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.