பேக்கரிச் சுவருக்கு இந்தப் பக்கம்

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது கார்த்திகை முடிந்துகொண்டிருந்தது. திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் தையல் டீச்சர். என்னைவிடப் பல வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். அந்த மழைக்காலத்தில் சிக்குன்குனியா வந்து, காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டுவலி அவளை விடவில்லை. காலையில் விரல்கள் மடங்குவதில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று போனில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான், லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா என்றேன். ஹைதராபாத் குளிர் அப்போது என் நினைப்பிலேயே இல்லை.

நாங்கள் இருப்பது லோத்குண்டாவில், பழைய வீடு ஒன்றின் கீழ்ப் போர்ஷனில். நான், என் கணவர், ஐந்தாவது படிக்கும் எங்கள் பெண். வடக்குப் பக்கம் ராணுவ நிலம். மரங்களைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. குளிர்காலத்து விடியலில் அந்த மரங்களிலிருந்து பனி இறங்கி, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி எங்கள் ஜன்னல் வரை வந்து நிற்கும். பால் வாங்கப் போகிறவர்கள் பாதி தூரத்திலேயே கரைந்துபோவார்கள். எனக்கு அது பிடிக்கும். நடக்கும்போது தூக்கத்தின் மிச்சத்துக்குள் நடப்பதுபோல இருக்கும். ஆனால் அக்காவுக்கு அந்தப் பனி நேராக எலும்புக்குள் போனது.

முதல் வாரத்திலேயே அவள் முகம் சுருங்கிவிட்டது. மொசைக் தரையில் காலை வைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். குளிருகிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். டம்ளரைப் பிடிப்பதற்கு இரண்டு கையையும் சேர்த்துக்கொள்வாள்.

என் கணவர் ஆபீஸ் நண்பர் ஒருவரிடமிருந்து ரூம் ஹீட்டரை இரவல் வாங்கி வந்தார். சிவந்த கம்பிகளுக்கு முன்னால் நாங்கள் நால்வரும் டிவி பார்ப்பதுபோல உட்கார்ந்தோம். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அது எரிகிறவரை மீட்டர் ஓடுகிற ஓட்டத்தை அவர் வாசலில் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விடிய விடிய எரித்தால் கரண்ட் பில் எங்களுக்குத் தாங்காது. அதைவிட, அந்த வீட்டு ஒயரிங் பழசு. சில நாளிலேயே பிளக் பாயிண்ட் பழுப்பாகி, பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. ஹீட்டர் திரும்பிப் போனது.

பிறகு நானே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். திருமுல்கேரி ரோட்டோரத்தில் பஞ்சு அடித்துத் தைத்துத் தருகிறவரிடம் ரஜாய் என்கிற கனமான பஞ்சுப் போர்வை ஒன்று வாங்கினேன். கட்டிலடியில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டேன். ராத்திரியில் அவள் கால்மாட்டில் வெந்நீர்ப் பை வைத்தேன். பகலில் படுக்கையை மொட்டை மாடியில் வெயிலுக்குக் கொடுத்து, வெயில் சாய்வதற்கு முன்னால் எடுத்து வந்து மூடிவைத்தேன். நாலு மணிக்கே ஜன்னல்களைச் சாத்தினேன். கதவிடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தேன். வென்டிலேட்டர்களில் அட்டையை வெட்டி ஒட்டினேன். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பலன் தந்தன. வீடு ஒரு பெட்டிபோல ஆகிவிட்டது. ஆனாலும் விடியற்காலையில் அக்கா விழித்துக்கொண்டு, விரல்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மாடிப் போர்ஷனில் இருந்த தெலுங்குக்கார அம்மா, ஒரு கும்பட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னாள். நம் ஊர் குமுட்டி அடுப்புதான். செலவு ஒன்றும் இல்லை, எங்கள் ஊரில் எல்லாரும் வைப்பார்கள் என்று அவளே கொண்டுவந்தும் கொடுத்தாள். அன்று சாயங்காலம் படுக்கையறையில் அதை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். கரி மேலே சாம்பல் பூத்து, உள்ளே மட்டும் ஆரஞ்சு நிறமாக மின்னிக்கொண்டிருந்தது. அக்காவின் கைகளை அதன் மேலே பிடித்துக் காட்டினேன். எங்கள் சின்ன வயதுக் கதை எதையோ அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவள் குரல் தூரத்தில் யாரோ பேசுவதுபோலப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அப்படி ஒரு இதமான சோர்வு. எழுந்திருக்கவே வேண்டாம், இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

என் பெண்தான், "மம்மி, தல நொப்பி," என்றாள். அவளுக்குத் தலைவலி தெலுங்கில்தான் வரும். நானும் ம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் எழுந்து தடுமாறி நடந்து கதவைத் திறந்தாள். அதே நேரத்தில் ஆபீஸிலிருந்து வந்த அவள் அப்பா, குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தார். எங்கள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்து வராந்தாவில் உட்காரவைத்தார். பிறகு அடுப்பை முற்றத்துக்கு எடுத்துப் போய்த் தண்ணீரைக் கொட்டினார். வென்டிலேட்டர் அட்டைகளைப் பிய்த்து எறிந்தார். குளிர்காற்று முகத்தில் அடித்த பிறகுதான் எனக்கு வாந்தி வந்தது, மூடிய அறையில் அந்தக் கரியின் நச்சுக் காற்று எங்களை என்ன செய்திருக்கும் என்பதும் புரிந்தது. அவர் திட்டவில்லை.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள கரி நெருப்பு வேணாம்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அக்கா ஊருக்குத் திரும்பிவிடுகிறேன் என்றாள். அவள் பெட்டியை எடுக்கப் பின்னாலிருந்த சாமான் ரூமுக்குப் போனாள். கட்டில் பலகை, பழைய சைக்கிள், காலி அட்டைப்பெட்டிகள் என்று நாங்கள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்த ரூம் அது. போனவள் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். பெட்டியை எடுக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்துக்கொண்டு, நெற்றியையும் அதன்மேல் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இந்தச் சுவரு வெதுவெதுன்னு இருக்குடி," என்றாள்.

எனக்குத் தெரிந்த விஷயம்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி. ரொட்டியும் பன்னும் உப்பு பிஸ்கட்டும் போடுகிற விறகு அடுப்பு, சரியாக எங்கள் சுவரை ஒட்டி இருந்தது. கோடையில் அந்த ரூமுக்குள் நிற்க முடியாது. அதனாலேயே வாடகையைக் குறைத்துக் கொடுத்திருந்தார் வீட்டுக்காரர். அதனாலேயே நாங்களும் அதில் சாமானைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டோம். வெயிலில் திட்டித் தீர்த்த சுவரைப் பனிக்காலத்தில் யாரும் தொட்டுப் பார்க்கவே இல்லை.

அன்றே ரூமைக் காலி செய்தோம். சைக்கிள் வராந்தாவுக்குப் போனது. சுவரை ஒட்டி மெத்தையைப் போட்டு, அக்காவைச் சுவரோரம் படுக்கவைத்து, நானும் பெண்ணும் அவள் பக்கத்தில் படுத்தோம். ஹாலே போதும் என்று சொன்ன என் கணவர் மூன்றாம் நாள் தலையணையோடு வந்து கால்மாட்டில் படுத்துக்கொண்டார்.

அந்த மார்கழியை நான் விழித்துக்கொண்டு கழித்தேனா, தூங்கிக் கழித்தேனா என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது. வெளியே குளிர் ஏற ஏற, உள்ளே சுவரின் சூடும் ஏறும். விடியலுக்கு முன்னால்தான் அவர்கள் முதல் ரொட்டியைப் போடுவார்கள். இரும்புக் கதவு திறந்து மூடுகிற சத்தம், தட்டுகள் உரசுகிற சத்தம், யாரோ உருதுவில் மெல்லப் பாடுகிற சத்தம் எல்லாம் செங்கலுக்குள் புகுந்து, பாதியாகி எங்களிடம் வரும். அதற்குப் பின்னால் வாசனை வரும். வெண்ணெயும் ஏலக்காயும் கலந்த அந்த வாசனையில் என் பெண் தூக்கத்திலேயே வாயை அசைப்பாள். ஒருநாள் கனவில் எங்கள் வீடு முழுக்க மாவால் ஆகி, பொறுமையாக உப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். விழித்தபோது அக்கா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு கை சுவரில் இருந்தது.

பகலில் அவள் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடங்க ஆரம்பித்தன. டாக்டர் கொடுத்த மாத்திரையும் பயிற்சியும் இருந்தன, சுவரும் இருந்தது. எது எவ்வளவு செய்தது என்று சொல்லத் தெரியவில்லை. போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து நான் மூட்டையாக வாங்கிவரும் பட்டாணியை ஹாலில் உட்கார்ந்து உரித்துத் தருவாள். முதலில் ஒரு கிண்ணம் உரித்தாள், பிறகு மூட்டை முழுவதும்.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு காலையில் சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. சுவரைத் தொட்டேன். வெறும் சுவராக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அக்காவுக்கு டம்ளரைப் பிடிக்க மறுபடி இரண்டு கை தேவைப்பட்டது. வெந்நீர்ப் பையும் ரஜாயும் ஜமுக்காளமும் வெளியே வந்தன. அவற்றை வைத்து ஒப்பேற்றினோம்.

மூன்றாம் நாள் அவளே சால்வையைப் போர்த்திக்கொண்டு, என் பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பினாள். நானும் பின்னால் போனேன். கடை பாதி சாத்தியிருந்தது. தாடி நரைத்த முதலாளி, வாசலில் செங்கல் எண்ணிக்கொண்டிருந்தார். ரொட்டி கிடையாது, சில நாள் கழித்து வாருங்கள் என்று கையைக் காட்டினார். என் பெண் ஹிந்தியில் எதையோ ஆரம்பித்தாள். அக்கா அவளைத் தடுத்து, தமிழிலேயே கேட்டாள்.

"ரொட்டி வேண்டாங்க. அடுப்ப எப்பப் பத்தவைப்பீங்க?"

கண்டோன்மெண்ட் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு எல்லா பாஷையும் கொஞ்சம் வரும். அவருக்குப் புரிந்தது. எதற்குக் கேட்கிறாள் என்பதுதான் புரியவில்லை. அப்புறம் என் பெண் விளக்கினாள். பெரியம்மாவின் கை, சாமான் ரூம், சுவர், நாங்கள் நாலு பேரும் அங்கே படுப்பது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே செங்கலைக் கீழே வைத்தார். அடுப்பின் அடித்தளம் இடிந்துவிட்டது, புதிதாகப் போட்டிருக்கிறோம், ஈரம் காயச் சின்ன நெருப்பாகத்தான் வைக்க வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, அந்தச் சுவரைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு எங்கள் சாமான் ரூமுக்கு வந்தார். சுவரோரம் விரித்திருந்த மெத்தையைப் பார்த்ததும் மிதிக்காமல் ஒதுங்கி நின்றார். கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். அங்கங்கே தடவிப் பார்த்து, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அப்பா கட்டின அடுப்பு. நான் பொறந்ததுலேந்து அந்தப் பக்கமே நிக்கிறேன்," என்றார். "இந்தப் பக்கம் மனுஷங்க தூங்குவாங்கன்னு நெனச்சதே இல்லே, அம்மா."

அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவளே டம்ளரை எடுத்துவந்து நீட்டினாள். சர்க்கரை இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டதற்கு, "நக்கோ, நக்கோ," என்று கையை ஆட்டினார்.

சின்ன நெருப்பு மறுநாள் வந்தது. சுவர் காய்ச்சல்காரரின் நெற்றிபோல லேசாகத்தான் சுட்டது. அதற்கடுத்த நாள் கொஞ்சம் கூடியது. பொங்கலன்று விடியலில் இரும்புக் கதவின் சத்தம் கேட்டதும் நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் கண் விழித்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை. சூடு முதுகு வழியாக ஏறுவதை உணர்ந்தபடி இருட்டில் படுத்தே கிடந்தோம். அன்று பொங்கல் வைக்க வெகுநேரமாகிவிட்டது. அக்கா ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கலைப் போட்டு பேக்கரிக்கு அனுப்பினாள்.

மாசி பிறந்ததும் அந்த ரூமில் வியர்க்கத் தொடங்கியது. நாங்கள் படுக்கையறைக்குத் திரும்பினோம். அக்காவின் லீவும் முடிந்தது. போவதற்கு முன்னால் என் பழைய சேலைகளை மூன்று மடிப்பாகச் சேர்த்து, வடக்கு ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்றைக் கையாலேயே தைத்துக் கொடுத்தாள். தையல் அங்கங்கே கோணலாகப் போயிருந்தது. பிரித்துத் தைக்கிறேன் என்றாள். நான் விடவில்லை.

செகந்திராபாத் ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிற நேரம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அடுத்த மார்கழிக்கு வலி இல்லாட்டியும் வரலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் என் பெண், "ஹவ், பெரியம்மா, கண்டிப்பா வாங்க," என்றாள்.

வந்தாள். அதற்கடுத்த வருஷமும் வந்தாள். இந்த வருஷம் குளிர் அவ்வளவாக இல்லை. சாமான் ரூமில் நால்வரும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் படுக்கிறோம்.