வெள்ளிக் கை

நாரணாபுரம் தியேட்டரில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படமாவது பார்க்க அய்யம்மாளுக்கு ஆசை. பட்டாசுக்கு மருந்து அடைக்கும் அவள் கையில் அலுமினியப் பொடி மின்னும். நாற்காலி கறையாகுமென்று வாசலிலேயே கையைப் பார்த்துத் தரைக்கு அனுப்புவார்கள். அந்தப் பொடி தியேட்டர் முதலாளியின் கம்பெனிப் பொடிதான். ஒருமுறை புளி போட்டுத் தேய்த்துவிட்டுப் போனாள், நகக்கண் காட்டிக்கொடுத்தது. ஆனாலும் மணலில் காலை நீட்டி, முறுக்கைக் கடித்தபடி பார்த்த படங்களை இன்றும் வசனத்தோடு சொல்வாள்.

மூடிய தியேட்டர் இப்போது அதே கம்பெனியின் காலிப்பெட்டிக் குடோன். நேற்று மருந்துக் கையோடு பெட்டி எடுக்கப் போனவள், மூலையில் கிடந்த பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எக்கா, எந்திரிங்க, லோடு வந்துருச்சு" என்றான் மேஸ்திரி முத்துப்பாண்டி.

"மறைக்காதலே, படம் ஓடுதுல்ல!"

இரண்டு உள்ளங்கைகளையும் நாற்காலியின் கைப்பிடியில் அழுத்தித் தேய்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.