கெளுத்தி முள்ளும் ஆறு மணியும்

மருத்துவ ஆய்விதழுக்குக் கட்டுரை தயாரிப்பது, நடந்ததை ஒரு தடவை எழுதிவிட்டு, அவர்கள் கேட்கிற அளவுக்கு அதைப் பதினைந்து தடவை வெட்டித் தைக்கிற தொழில்.

இந்தத் தொழிலில் அகப்பட்டுக்கொண்ட சகபாடிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உசாத்துணைப் பட்டியலில் காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவர்கள் நீங்கள். நான் நீண்ட காலம் ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் நின்ற பிறகு, மட்டக்களப்பில் டொக்டர்மாரின் கட்டுரைகளைத் திருத்தி, அடுக்கி, ஆய்விதழ்களின் இணையத்தளத்தில் ஏற்றிக் கொடுக்கிறேன். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்காவது ஒரு பிழை விட்டால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கடிதம் எழுதுவார்.

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு கட்டுரையின் கதை. வாவிக்கரையில் உள்ள ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் டொக்டர் சுபாஷினி வேலை செய்கிறார். வாவியில் வலை இழுக்கும்போது கெளுத்தி மீனின் முள் குத்தி வருகிறவர்களின் கையை, தாங்கக்கூடிய சூட்டில் சுடுநீரில் வைத்தால் வலி தணியும். எவ்வளவு சீக்கிரம் வைக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் தணியும் என்பது அவருடைய ஆய்வு. தாதி ஸ்டெல்லா மிஸ்ஸிதான் ஒவ்வொருவரிடமும் விவரம் கேட்டு எழுதியவர். வைத்திய நிபுணராவதற்கான விசேட பயிற்சியின் நேர்முகத்துக்குக் கோப்புக் கொடுக்கும்போது, "உங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டோம்" என்ற ஆய்விதழின் கடிதம் அதற்குள் இருக்க வேண்டும். டொக்டர் போன முறை அந்தக் கடிதம் இல்லாமல் திரும்பி வந்தவர். வயதெல்லைப்படி இது கடைசி முறை. சுற்றறிக்கையை வாசித்த ஸ்டெல்லா மிஸ்ஸி, கோப்புக் கொடுக்கும் கடைசி நாளென்று சுவர்க் கலண்டரில் இருபத்தைந்தாம் திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருந்தார். எங்கள் மூவரின் மூச்சும் அந்த வட்டத்துக்குள்தான் ஓடியது.

பத்துக்கு எத்தனை?

வலியை எண்ணால் எழுத வேண்டும் என்பது ஆய்விதழ்களின் விதி. வலியே இல்லாவிட்டால் பூச்சியம், இதற்கு மேல் இல்லை என்றால் பத்து. வாவியில் மீன் பிடிக்கிறவர்கள் இந்த விதியை மதிக்கிறவர்கள் அல்லர். ஞானப்பிரகாசம் அண்ணன் ஒருநாள் காலையில் வந்தார். கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்ததாம். நெற்றியிலிருந்து வியர்வை மேசையில் சொட்டியதாம். எத்தனை என்று கேட்டதற்கு, "மூணு போடுங்க" என்றாராம்.

ஸ்டெல்லா மிஸ்ஸி பொறுமையாக மறுபடி விளக்கியிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவர், தன் கணக்கில் மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டார். அட்டவணையில் எங்கே மூன்றைக் கண்டாலும் இப்போது எனக்கு அவருடைய வியர்வைதான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அவர் சொன்ன காரணத்தை மிஸ்ஸி அப்படியே எனக்குச் சொன்னார்:

"பத்தெண்டா ஆளத் தூக்கித்து வரோணும் மிஸ்ஸி. நான் ஒத்தக் கையால சைக்கிள் ஓடித்து வந்திரிக்கன்."

பெயர் வரிசை

கட்டுரை எழுதி முடிய ஒரு மாதம் எடுத்தது. யாருடைய பெயரை எங்கே போடுவது என்று முடிவெடுக்க அதற்கு மேல் எடுத்தது. இந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் பெருமூச்சு விடுவீர்கள் என்று தெரியும். வெப்பமானி இரவல் தந்தவர் ஒருவர் இருந்தார். டவுனில் ஒரு பெரிய டொக்டர், தான் உற்சாகப்படுத்தியதாக நினைவூட்டினார். ஆய்விதழின் படிவத்தில் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று அடையாளமிட வேண்டும். திட்டமிட்டவர், தரவு சேர்த்தவர், எழுதியவர் என்று கட்டங்கள் இருந்தன. உற்சாகப்படுத்தியவர் என்று கட்டம் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

இரவலும் உற்சாகமும் நன்றியுரைக்குள் போயின. இரண்டாவது பெயர் ஸ்டெல்லா மிஸ்ஸியுடையது என்று டொக்டர் சொன்னதும், மிஸ்ஸி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் பயந்துவிட்டார். பெயரைப் போட்டால் பிறகு ஏதும் பிழை வந்தால் தனக்கும் அல்லவா பொறுப்பு என்று கேட்டார். டொக்டர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"ஓம் மிஸ்ஸி. அதுக்குத்தானே பேர் போடுறது."

சுருக்கம்

ஆய்வுச் சுருக்கம் இருநூற்றைம்பது சொற்களுக்கு மேல் போகக்கூடாது. டொக்டர் தந்தது நானூற்றுப் பத்து. சிறுவர் பக்கத்தில் யானையும் எறும்பும் வரும் கதைகளை அரைப் பக்கத்துக்குள் அடக்கிப் பழகிய எனக்கு இது பெரிய வேலையில்லை என்று நினைத்தேன். ஆனால் யானை எதிர்த்துப் பேசாது. டொக்டர் ஒவ்வொரு சொல்லுக்கும் வழக்காடினார். வாவியின் உவர்த்தன்மை இருக்கட்டும் என்றார். கெளுத்தியின் குடும்ப விவரம் கட்டாயம் என்றார். மத்தியானம் வரை இருந்து ஏழு சொற்களை வெட்டினோம். சாப்பிட்டு வந்து அதில் நான்கைத் திரும்பச் சேர்த்தார். அந்தி சாயும்போது நான் பேனையை மூடிவைத்துவிட்டேன். அப்போதுதான் அவர் இறங்கி வந்தார்:

"மீன வெட்டுங்கக்கா. முள்ள மட்டும் விட்டாக் காணும்."

கையின் படம்

கட்டுரையோடு ஒரு படமும் அனுப்பினோம். ஞானப்பிரகாசம் அண்ணனின் வீங்கிய கை. படத்தில் இருப்பவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக்கூடாது, அதற்கு அவருடைய எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும் என்று ஆய்விதழ் கேட்டது. மிஸ்ஸி படிவத்தோடு அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

உங்கள் முகம் வராது, பெயர் வராது, ஊர்கூட வராது, ஒருவருக்கும் தெரியவராது என்று மிஸ்ஸி ஒவ்வொன்றாக உறுதி கொடுத்தார். கொடுக்கக் கொடுக்க அவர் முகம் வாடிக்கொண்டே போனது. வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் வரப்போகிறது என்று அவர் ஏற்கெனவே கரையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கடைசியில் மனமில்லாமல் கையெழுத்துப் போட்டார். பேனையைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்:

"கைய மட்டும் போட்டா அது நான்தான் எண்டு எப்பிடித் தெரியும் மிஸ்ஸி?"

பதினேழாம் இலக்கம்

கட்டுரையை அனுப்பிய பிறகு, அதை வாசித்த இரண்டு மீளாய்வாளர்களின் கேள்விகள் அந்த வட்டமிட்ட மாதத்தின் தொடக்கத்தில் வந்தன. முதலாமவர், ஆடி மாதத்தில் பத்து நாட்கள் ஏன் ஒருவருமே முள் குத்தி வரவில்லை என்று கேட்டிருந்தார். மாமாங்கக் கோயில் திருவிழா, அந்த நாட்களில் வாவியில் வலை போடுவதில்லை என்று எழுதினோம். அது சுலபம். இரண்டாமவர் கேட்டதை டொக்டர் மூன்று தடவை வாசித்தார். "பதினேழாம் இலக்க நோயாளிக்கு முள் குத்தியது ஆறு மணிக்கு. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஐந்து ஐம்பத்தேழுக்கு. விளக்கவும்."

அதாவது, மீன் குத்துவதற்கு மூன்று நிமிடம் முன்பே அவர் வைத்தியத்துக்கு வந்துவிட்டார். குத்தியதற்கும் வந்ததற்கும் இடைப்பட்ட நிமிடங்களைக் காட்டும் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் முதலில் மூன்றுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருந்தது. கழித்தல் குறி. தவறி விழுந்த கோடு என்று நினைத்து அதை அழித்தது வேறு யாருமில்லை, நான்தான். இரண்டு படங்களுக்கு இடையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லி வாராவாரம் பிள்ளைகளை வேலை வாங்கிய ஆள். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பதினேழாம் இலக்கம் நம்முடைய ஞானப்பிரகாசம் அண்ணன். தோணியில் போகிறவர்கள் கடிகாரம் கட்டுவதில்லை, கைபேசியைக் கரையில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அவருடைய ஊரார் எல்லோருக்கும் நேரம் என்பது கத்தோலிக்கக் கோயிலின் காலை மணிதான். மணி அடித்து எவ்வளவு நேரத்தில் குத்தியது என்று அவர்கள் சொன்னதை வைத்துத்தான் மிஸ்ஸி எழுதியிருக்கிறார். அவரைத் தேடிப் போய், நன்றாக யோசித்துச் சொல்லும்படி கேட்டோம். யோசிக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை:

"மணி அடிக்கக்குள்ளதான் குத்தின. ஆறு மணி. வேணுமெண்டா மணி அடிக்கிற ஆளக் கேளுங்க."

மணி அடிக்கிறவர்

கேட்கப் போனோம். சூசைப்பிள்ளை அண்ணன் கோயில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். காலை மணியைச் சரியாக ஆறுக்கா அடிக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். இல்லை, ஐந்தே முக்காலுக்கு என்றார் அவர், எந்தச் சலனமும் இல்லாமல். அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தானாம். ஒரு நிமிடம் முந்தியதுமில்லை, பிந்தியதுமில்லை. மத்தியான மணி மட்டும் சரியாகப் பன்னிரண்டுக்கு அடிக்குமாம், ஏனென்றால் அதற்கு ஒருவரும் கோயிலுக்கு வருவதில்லை.

டொக்டர் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆய்வே நேரத்தைப் பற்றியது. அந்த ஊரிலிருந்து காலையில் வந்த ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம் பிசகியிருந்தது. மெதடிஸ்த சபையைச் சேர்ந்த ஸ்டெல்லா மிஸ்ஸிக்கு இந்தக் கோயிலின் வழக்கம் முன்பே தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவர் ஒருவர்தான் கோபப்படாமல், அது சரிதானே என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். சூசைப்பிள்ளை அண்ணன் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆறு மணிக்கு அடிச்சா ஆறே காலுக்குத்தான் வருவாங்க மனே. பூசைக்கு நேரத்துக்கு ஆள் வரோணுமெண்டா முந்தித்தான் அடிக்கோணும்."

ஒரு வரி

திரும்பி வரும் வழியில் நான் ஒரு யோசனை சொன்னேன். சொன்னதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். மீளாய்வாளர் கண்டுபிடித்தது ஒரே ஒரு வரியைத்தான். பதினேழாம் இலக்கத்தை எடுத்துவிட்டால் கேள்வியும் போய்விடும். கோயில் மணியைப் பற்றி உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையை எழுதினால் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும், முடிவே கவிழ்ந்தாலும் கவிழலாம். கலண்டரில் வட்டத்துக்கு மூன்று கிழமைகூட இல்லை.

டொக்டர் பாலத்தடியிலேயே அதை மறுத்துவிட்டார். அடுத்த நாள் கணக்குகளைப் புதிதாகப் போடத் தொடங்கினார். காலை மணியை வைத்து எழுதிய எல்லோருக்கும், குத்தியதிலிருந்து வந்து சேர எடுத்த நேரத்தில் கால் மணி நேரம் கூட்டினார். சுடுநீரின் பலன் முன்பைவிட மெலிந்தது, ஆனால் விழவில்லை. ஆய்வின் குறைபாடுகளைச் சொல்லும் பகுதியில், எங்கள் நேரம் ஒரு கோயில் மணியிலிருந்து வந்தது, அந்த மணி கால் மணி நேரம் முந்தி அடிப்பது பிறகுதான் தெரிந்தது என்று எழுதினோம். சூசைப்பிள்ளை அண்ணனிடம் ஒரு கடிதமும் எழுதி வாங்கி இணைத்தோம். பத்தாம் திகதி எல்லாவற்றையும் அனுப்பினோம். என் யோசனைக்கு டொக்டர் பாலத்தடியில் சொன்ன பதில் இதுதான்:

"அந்த வரிய எடுத்தா ஞானப்பிரகாசம் அண்ணன் வரவே இல்லையெண்டு ஆயிரும் அக்கா. மனிசன் ஒத்தக் கையால வந்தவர்."

சிவப்பு வட்டம்

இருபத்தைந்தாம் திகதி வந்தது. கடிதம் வரவில்லை. காலையிலிருந்து டொக்டர் நோயாளர்களைப் பார்ப்பதும், இடையில் கைபேசியைப் பார்ப்பதுமாக இருந்தார். மாலை நான்கு மணிக்குக் கோப்பை மூடி, அதன் நாடாவை முடிச்சுப் போட்டார். உங்களில் பலர் அப்படி ஒரு முடிச்சைப் போட்டிருப்பீர்கள். நான் ஜன்னல் வழியாக வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா மிஸ்ஸி மேசை லாச்சியைத் திறந்து, சுற்றறிக்கையை எடுத்து டொக்டரின் முன்னால் வைத்தார். கடைசித் திகதி என்று அதில் போட்டிருந்தது இருபத்தெட்டு. டொக்டர் அதைப் பார்த்தார், கலண்டரைப் பார்த்தார், போட்ட முடிச்சை மெதுவாக அவிழ்த்தார். டொக்டரும் நானும் சுற்றறிக்கையை வாசிக்காமல் ஒரு வட்டத்தை நம்பி ஒரு மாதம் ஓடியிருக்கிறோம்.

இருபத்தேழாம் திகதி காலை கடிதம் வந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஒரே ஒரு திருத்தம் கேட்டிருந்தார்கள். கோயில் மணியைப் பற்றிய வரிகளைக் குறைபாடுகளில் ஒளிக்காமல், ஆய்வு முறையைச் சொல்லும் பகுதிக்குக் கொண்டுவர வேண்டுமாம். உண்மைத் திகதி தெரிந்திருந்தால் நாங்கள் திருத்தத்தைப் பதின்மூன்றாம் திகதிதான் அனுப்பியிருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடிதத்தைக் கோப்பில் வைத்து அனுப்பிவிட்டு வந்த பிறகுதான் டொக்டர், ஏன் மிஸ்ஸி இருபத்தைந்தில் வட்டம் போட்டீர்கள் என்று கேட்டார். மிஸ்ஸி அடுத்த நோயாளிக்குச் சுடுநீரை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"இருபத்தெட்டெண்டு போட்டிருந்தா நீங்க ரெண்டு பேரும் முப்பத்தொண்டுக்குத்தானே முடிச்சிருப்பீங்க."

ஆய்வுக் கட்டுரைகளில் நாம் நிமிடம் பிசகாத நேரத்தை எழுதினாலும், அவை உரிய நேரத்தில் போய்ச் சேருவது யாரோ ஒருவர் நமக்குச் சொல்லாமல் முந்தி அடிக்கும் மணியால்தான்.