சந்தனம் பூசிய மேனேஜர்

இன்று காலை திருத்தணி பஸ் நிலைய டீக்கடையில் எனக்கும் நண்பன் மோகனுக்கும் வழக்கமான சண்டை. நாங்கள் உயிரை விடும் அந்த இங்கிலாந்து கால்பந்து க்ளப்புக்கு இத்தனை வருடத்தில் யார் சிறந்த மேனேஜர்? அங்கே கோச்சுக்கு அதுதான் பேர்.

யார் எத்தனை கோப்பை வாங்கிக் கொடுத்தார் என்று வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒருவர், மலையில் மொட்டை போட்டுத் தலையில் சந்தனத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். "நீ எங்கனா ஆடிக்கீறியாப்பா?" என்றார்.

"ஆங், நம்மூர் டீம்ல. மூணு வருசம் கப்பு எங்களுதுதான்."

"அதுக்கு யாரு மேனேஜரு?"

"அங்க யாருங்க இருந்தா? ஒருத்தர் பந்துக்குக் காத்தடிச்சிகினு நிப்பாரு, அவ்ளோதான்."

தலையாட்டினார். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பும்போது கேட்டார்: "எடது முட்டி இப்போ வலிக்கிதாப்பா?"

அந்த முட்டிக்கு மூன்று வருடமும் ஐஸ் வைத்துக் கட்டியவர் எங்கள் கோச் பாஸ்கர் அண்ணன்தான்.

சுருட்டை முடியும் மீசையும் இல்லாததால் தெரியவில்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவர்தான் என்று தெரிந்திருந்தால் மட்டும்தானே வேறு பதில் சொல்லியிருப்பேன்? அதற்குள் ஆட்டோ ஏறிவிட்டார்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருக்கு முடி வளரட்டும் என்று காத்திருக்கலாமா? தைரியசாலிகள் கமெண்டில் சொல்லவும்.