மூலையில் கறுப்பு தடவிய கடிதம்

பழைய கடிதங்களைச் சேர்க்கிற பைத்தியம் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே பிடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் யார் வீட்டில் பரண் ஒதுக்கினாலும் நான் போய் நிற்பேன். ஜெயிலிலிருந்து ஒருவர் தம்பிக்கு எழுதியது, கண்மாய்த் தண்ணீருக்காக ஊரே கையெழுத்துப் போட்ட மனு என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தேன். ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டபோது அதுவும் என்னோடு வந்தது.

இங்கே வாசல்படியைத் தாண்டினாலே "எங்க போறே?" என்று மாமியார் கேட்பார். வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை, பாதி நாள் தூக்கம். மதியம் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சே வரும். இற்றுப்போன காகிதத்தைக் காப்பாற்ற நானாக ஒரு வழி வைத்திருந்தேன். சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியைப் பின்பக்கம் வைத்து, மயில்துத்தம் கலந்த மைதாப் பசையால் ஒட்டி, பலகைக்கு அடியில் கொடுத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றிவிடுவேன். இரண்டு நாளில் காகிதம் புதுசு போல விறைத்து நிற்கும். பூச்சி அண்டாது, இழுத்தாலும் கிழியாது. அதில் எனக்குக் கர்வம் வேறு.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்தாள். அவளுடைய அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாச் சண்டைக்குப் போனவர். அவர் செத்துப்போனதைக் கூட இருந்த சிப்பாய் ஒருவர் தமிழில் எழுதி, கையெழுத்திட்டு, நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவி அனுப்பியிருந்தார். பட்டாளத்து வட்ட முத்திரையும் இருந்தது. சாவுக் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம், வீட்டில் வைக்க மாட்டார்கள். அந்த வீட்டில் மட்டும் கிழிக்கவில்லை.

"எங்கம்மா கிழிக்க விடல தாயி. கிழிச்சாத்தான சாவு? அவ போன பொறவு எனக்கும் மனசு வரல. மடிப்பெல்லாம் விட்டுப்போச்சு, ஒட்டிக் கொண்டா."

ஊருக்குத் திரும்பியதும் ஒட்டினேன். என் கைவேலையிலேயே அதுதான் உருப்படியானது.

அப்போது என் கொழுந்தன் எல்லையில் பட்டாளத்தில் இருந்தார். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே மாமியார் எழுந்து நிற்பார். ஒரு நாள் காலையில் நான் குளித்துவிட்டு வருகிறேன், மிளகாய் அரைக்கக் குழவியை எடுத்தவர் கையில் அந்தக் கடிதம். அவருக்கு எழுத்துத் தெரியாது. மூலைக் கறுப்பு தெரியும். மகன் கடிதத்தில் பார்த்த வட்ட முத்திரை தெரியும்.

"எத்தன நாளா மறைச்சு வச்சிருக்கே?"

"அத்தை, இது நாப்பது வருசத்துக் காயிதம். வேற யாரோ ஒருத்தரு."

"புதுக் கருக்கு அழியல. நாப்பது வருசமாம்."

வரி வரியாக வாசித்துக் காட்டினேன். பர்மா என்றேன், செத்தவர் பேரையும் சொன்னேன். "உன் வாய்தான வாசிக்கி" என்றார். ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரும் அதையேதான் வாசித்தார். "புருசனும் பொண்டாட்டியும் பேசி வச்சுக்கிட்டீக." பெற்றவளிடம் சாவை மறைப்பது எங்கள் பக்கம் நடக்காததும் இல்லை. வேறு யாரிடமாவது காட்டலாம் என்றால், சாவுக் கடிதத்தை இன்னொருத்தர் வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மறித்துவிட்டார்.

இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. மூன்றாம் நாள் படுத்த இடத்திலிருந்தே சொன்னார்:

"ஊரான் காயிதம்னா கிழி. கிழிக்க மாட்டேன்னா எம்மவனுதுதான்."

கிழித்தால் மடவார் வளாகத்தில் ஒருத்தியின் அண்ணன் செத்துப்போவார். கிழிக்காவிட்டால் என் கண்ணெதிரே இந்தக் கிழவி போய்ச் சேர்ந்துவிடுவாள். அவர் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது எனக்கு. காகிதத்தைப் புதுசாக்கிக் காட்டிய என் கை மேல் அதைவிட ஆத்திரம்.

பிடித்து இழுத்தேன். கிழியவில்லை. பேண்டேஜ் துணி விட்டுக்கொடுக்கவில்லை. அத்தை என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "விட மாட்டேங்கானே, எம்புள்ள விட மாட்டேங்கானே" என்று மாரில் அடித்துக்கொண்டார். நான் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, கத்திரிக்காய் அரிவது மாதிரி அதை நாலாக அரிந்தேன். சிப்பாயின் கையெழுத்து இரண்டாகப் போனது. அத்தை எழுந்து வந்து துண்டுகளை அள்ளி வாசலுக்கு வெளியே எறிந்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரையும் நின்றபடியே குடித்தார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

கிழித்ததிலிருந்து பதின்மூன்றாம் நாள் கொழுந்தனிடமிருந்து கடிதம் வந்தது. காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாராம். "நீ கிழிச்ச நேரந்தான்" என்று சொல்லி அத்தை எனக்குப் பூ வாங்கி வைத்துவிட்டார். தலை கூசியது.

அதற்கும் மேல் தள்ளிப்போட முடியவில்லை. இரண்டு நாள் கழித்து பஸ் ஏறிப் போனேன். பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முறம் நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"என்னைக்குக் கிழிச்சே?"

சொன்னேன். விரல்விட்டு எண்ணினாள்.

"அப்ப நாளைக்குப் பதினாறு" என்றாள். முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிய சேலையோடு கிணற்றடிக்குப் போனாள். நான்தான் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றினேன்.