மின்சாரம் போய் வந்தால்

மற்ற நிறுவனங்கள் வடிவமைக்கும் சிப்புகள் தொழிற்சாலைக்குப் போகும் முன் அவற்றில் பிழை தேடுவதுதான் மலேசியாவின் ஈப்போ நகரில் என் வேலை. அன்று என் கைக்கு வந்தது, நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புக்கான சிப். எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது. நான் "சரி" என்று எழுத வேண்டியதுதான் பாக்கி.

மாலை இடிமழையில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. என் கணினி அணைந்து தானே எழுந்தது. இந்தச் சிப்புக்கும் இப்படி நேர்ந்தால்?

சிப்பின் வடிவமைப்பைக் கணினியில் ஓட்டி, நடுவே மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்துப் பார்த்தேன். சிப் விழித்தது. மருத்துவர் வைத்த அளவை அது படிப்பதற்குள் பம்பு முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது. அப்படி ஓடினால் மருந்து முழுவதும் நோயாளிக்குள் ஒரேயடியாக இறங்கிவிடும்.

பக்கத்து ஊரான செமோரில் இருந்த அந்தச் சிப்பின் வடிவமைப்பாளர் குமரனை அழைத்துச் சொன்னேன்.

"அக்கா, நாளைக்கு அனுப்பணும்லா. கரண்டு போனாலும் பம்புல பேட்டரி இருக்கு."

"பேட்டரி பழசாயிட்டா, தம்பி?"

அவன் பக்கத்து இடிச்சத்தத்தினூடே விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது.

"அனுப்புறதை நிப்பாட்டிடுறேன் அக்கா," என்றான் மெல்ல.

குமரன் பிழையைத் திருத்திவிட்டான். எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. அதற்கு முன் எத்தனையோ சிப்புகளுக்குச் சரி என்று எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூட இப்படிச் சோதித்ததில்லை. அவற்றை வடிவமைத்த நிறுவனங்களுக்கெல்லாம் எழுதினேன். ஒவ்வொருவராகச் சோதித்துப் பதில் அனுப்புகிறார்கள். மருத்துவக் கருவிகளுக்குச் சிப் வடிவமைத்த ஒரு நிறுவனம் மட்டும் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அதன் சிப்புகள் எந்தக் கட்டிலருகே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று நான் யாரிடம் கேட்பது?